வால் வினைகள் முன்னூற்றுப் பன்னிரண்டு

பட்டாசு வெடித்து மனிதன் சாவதற்குக் காரணம் அவனுக்கு இங்கிலீஷ் தெரியாததுதான் என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணைக் குழுவுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அத்தனை மாதமும் குழு ஏசி அறையில் கூடி, முந்திரிப் பருப்பைக் கொறித்து, எழுநூறு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதியது. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்ற விவரமும் அதில் இருக்கிறது. அறுநூற்று எண்பதாம் பக்கத்தில், பொடி எழுத்தில், அடிக்குறிப்பாக இருக்கிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்த சமாச்சாரம் வேறு. வெடித்த அறையில் இருந்த வெடிமருந்து டின்னின் மேல் 'கீப் அவே ஃப்ரம் ஹீட்' என்று எழுதியிருந்தது, அதைச் செத்தவர்களில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லை என்று குழு கண்டிருந்தது.

டின்னில் தமிழிலேயே எழுதிவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். அப்படிச் செய்தால் தொழிலாளி கடைசிவரைக்கும் தமிழிலேயே கிடந்துவிடுவான் என்று மற்றவர்கள் விசனப்பட்டார்கள். கேட்டவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. இப்படியாகத்தான் தொழிலகப் பாதுகாப்பு ஆங்கில மேம்பாட்டு மன்றம் பிறந்தது. அதற்கு ஒரு தலைவர், ஏழு மண்டல இயக்குநர்கள், நாற்பது பார்வையாளர்கள், ஒவ்வொருத்தருக்கும் ஒரு வாகனம். செத்துப்போன பதினொரு பேரின் பெயரும் மன்றத்தின் எந்தக் காகிதத்திலும் இல்லை.

மன்றம் முதலில் கால் வைத்த இடங்களில் ஒன்று சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டை ஒட்டி, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனி. அங்கேதான் சண்முகத்தாய் வேலை பார்த்தாள். வயது நாற்பத்து மூன்று. இருபத்திரண்டு வருசமாக மருந்தோடு புழங்கியவள். பழைய போர்மேன் பலவேசம் வயதாகி நின்றபிறகு, நாலு வருசமாக அவர் வேலையை அவள்தான் பார்த்தாள். எத்தனை மணிக்கு மருந்து கலக்க வேண்டும், எத்தனை தட்டு கலக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வதுதான் அந்த வேலை. வெயில் ஏறிவிட்டால் கலக்கக் கூடாது. கலந்த மருந்தைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது, அரை மணி நேரத்துக்குள் பட்டாசுக் குழாய்களில் செலுத்தி முடிக்கிற அளவுக்குத்தான் கலக்க வேண்டும். காற்றில் ஈரம் இருக்கிற நாளில் அதிலும் பாதிதான். இதை எல்லாம் அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இந்த நாலு வருசத்தில் அந்தக் கம்பெனியில் ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

ஆனால் அவள் போர்மேன் என்று காகிதத்தில் இல்லை. மன்றத்தின் சான்று வாங்கினால்தான் இனி யாரும் போர்மேன் ஆகலாம் என்று உத்தரவு வந்தது. வாங்காவிட்டால் சான்று வைத்திருக்கிற வேறு ஆள் எங்கிருந்தாவது வருவான், அவன் சொல்கிறபடிதான் மருந்து கலக்க வேண்டும். மருந்தைக் கண்ணால் பார்த்திராத ஒருத்தன் வந்து இன்னும் நாலு தட்டு கலக்கு என்று சொன்னால் தன்னால் தடுக்க முடியாதே என்பதுதான் சண்முகத்தாயின் கவலை. அதற்காகவே ஒன்பதாம் வகுப்போடு நின்ற அவள் மறுபடியும் பேனாவைப் பிடித்தாள்.

மண்டல இயக்குநர் முனைவர் அன்பரசன் கையில் ஒரு புத்தகத்தோடு வந்து இறங்கினார். இங்கிலீஷில் வினைச்சொல் ஒன்றை எடுத்து, அதன் பின்னால் அவுட், ஆஃப், அப் என்று ஒரு குட்டிச் சொல்லை ஒட்டினால் அர்த்தம் வேறு எங்கேயோ போய்விடும். 'புட்' என்றால் வை. 'புட் அவுட்' என்றால் தீயை அணை. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள். இப்படி முன்னூற்றுப் பன்னிரண்டு அந்தப் புத்தகத்தில் இருந்தன. இயக்குநர் இதற்குத் துணையுறு வினை என்று பேர் வைத்திருந்தார். தொழிலாளிகள் வால் என்று சொன்னார்கள். இன்னிக்கு எத்தனை வால் படிச்சே என்று பஸ்ஸில் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள்.

முதல் நாள் கூட்டத்தில் இயக்குநர் பேசிய பேச்சை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

"விபத்து என்பது தகவல் தொடர்பில் ஏற்படும் ஒரு சறுக்கல்தான். நான் பன்னிரண்டு வருடமாகப் பட்டாசுப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். நேற்றுவரை ஒரு பட்டாசு ஆலைக்குள் நான் கால் வைத்ததில்லை. அந்த அளவுக்குப் பாதுகாப்பை நான் மதிக்கிறேன். இந்தப் புத்தகத்தில் இருப்பது ஏட்டு ஆங்கிலம் கிடையாது. மன்றத்தின் செலவில் மூன்று மாதம் லண்டனில் தங்கி, டீக்கடையிலும் ரயிலிலும் மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுத் தொகுத்தது."

லண்டன் டீக்கடையில் மருந்து கலக்குகிறவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை போலிருக்கிறது. புத்தகத்தில் காதலர்கள் பிரிவதற்கு ஒரு வால் இருந்தது, வேலை இல்லாமல் கூடி அரட்டை அடிப்பதற்கு ஒரு வால் இருந்தது, பார்ட்டிக்கு அழைக்காமல் போய் நிற்பதற்குக்கூட ஒன்று இருந்தது. சேலை முந்தி மருந்தில் படாமல் பார்த்துக்கொள் என்பதற்கு ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் வகுப்பில் 'கோ ஆஃப்' வந்தது. வெடி வெடித்தால் கோ ஆஃப் என்றார் இயக்குநர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். விளக்கு அணைந்தாலும் கோ ஆஃப்தான் என்றார். பால் கெட்டுப்போனாலும் அதேதான் என்றார். சண்முகத்தாய் எழுந்தாள்.

"சார், வெடிச்சாலும் அதே சொல்லு, அணைஞ்சாலும் அதே சொல்லுன்னா, வெடிச்சுச்சா அணைஞ்சுச்சான்னு எப்படித் தெரியும்?"

"சூழலை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும் அம்மா."

"சூழல் புரியுற வரைக்கும் நாங்க இருக்க மாட்டோமே சார்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பதற்குச் சொல்லவும் இல்லை. இயக்குநர் மட்டும் புன்னகை செய்து, இந்த அம்மாவுக்குக் கற்பதில் ஆர்வம் இருக்கிறது, ஆனால் மனப்பான்மை சரியில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்ததாகப் போர்டுகளை மாற்றினார்கள். கலவை அறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று தமிழில் பெயிண்டில் எழுதியிருந்ததைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டு, பளபளவென்று இங்கிலீஷ் போர்டு கொண்டுவந்தார்கள். அதை மாட்ட வந்த மன்றத்து ஆள், ஆறாம் நம்பர் கலவை அறையின் நிலைப்படியில் இரும்பு ஆணியை வைத்து இரும்புச் சுத்தியலை ஓங்கிவிட்டான். உள்ளே மருந்து கலக்குகிற ராக்கப்பன் அலுமினியப் பவுடரைச் சலித்துக்கொண்டிருந்தான். பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் இரும்பு மேல் இரும்பைத் தட்ட மாட்டார்கள். ஒரு பொறி போதும். சண்முகத்தாய் பாய்ந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பாதுகாப்பு அறிவிப்புப் பலகை பொருத்தும் பணிக்கு இடையூறு செய்ததாக அவளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். மூன்று கையெழுத்தும் ஒரு முத்திரையும் அதில் இருந்தன.

பிறகு மன்றத்தின் பார்வையாளர்கள் வந்தார்கள். எந்த வேலையைச் செய்தாலும் அதற்குரிய வாலை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று விதி வந்தது. செருப்பைக் கழற்றுமுன் 'டேக்கிங் ஆஃப்'. டின்னைத் திறக்குமுன் 'ஓப்பனிங் அப்'. மருந்து செலுத்துகிற அறையில் பொன்னுத்தங்கம் என்கிற அம்மாள், ஐம்பது வயதுக்காரி, தட்டைத் தூக்கிப் பிடித்தபடி வால் மறந்துபோய் அப்படியே நிற்பாள். பார்வையாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டே பொறுமையாக நிற்பார். ஒருநாள் அவளுடைய முந்தி நழுவித் தட்டில் விழப்போனது. "எத்தா, சீலையத் தூக்கு" என்றாள் சண்முகத்தாய். தமிழில் சொன்னதற்காக அவளுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். இங்கிலீஷில் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, அங்கிருந்த இரண்டு பார்வையாளர்கள் கால் மணி நேரம் தங்களுக்குள் சண்டை போட்டுவிட்டு, தலைமையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள். பதில் இன்னும் வரவில்லை.

மேனேஜர் அருள்பாண்டி கெட்டவர் இல்லை. சீசன் நெருங்க நெருங்க அவருக்கு ஆர்டரைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது, அவ்வளவுதான். மன்றத்தைப் பகைத்தால் லைசென்ஸுக்கு ஆபத்து, வகுப்பு நடத்தினால் ஆர்டருக்கு ஆபத்து என்று இரண்டுக்கும் நடுவில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரிந்தார். இன்னும் ஒரு மாசம் அனுசரிச்சுப் போயிருவோம் சம்முகத்தாயி என்று தினமும் சொல்வார்.

கடைசியில் தேர்வு நாள் வந்தது. ஒரு புதன்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. மன்றத் தலைவருக்கு வேறு ஊரில் பாராட்டு விழா, அதனால் தேர்வு தள்ளிவைக்கப்படுகிறது. சரி என்று புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல வேலையைத் தொடங்கினார்கள். முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. காற்று ஈரமாக இருந்ததால் சண்முகத்தாய் இரண்டே தட்டு கலக்கச் சொன்னாள். ஆறரைக்கு ராக்கப்பன் ஆறாம் நம்பர் அறையில் கலந்து முடித்தான். செலுத்துகிற அறைக்கு எடுத்துப்போகத் தூக்கும்போது இயக்குநரை ஏற்றிக்கொண்டு வாசலில் மன்றத்து வேன் வந்து நின்றது. பாராட்டு விழா சாயங்காலத்துக்கு மாறிவிட்டதாம். தலைவர் கிளம்பிவிட்டாராம். எல்லோரும் உடனே பரீட்சை ஹாலுக்கு வர வேண்டுமாம்.

சண்முகத்தாய் மேனேஜரிடம் ஓடவில்லை, நடந்துதான் போனாள். அந்த வளாகத்துக்குள் யாரும் ஓட மாட்டார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ரெண்டு தட்டு மருந்து கலந்து கிடக்கிறது, செலுத்திவிட்டு வருகிறோம், இல்லையென்றால் தண்ணீரில் கொட்டிவிட்டு வருகிறோம் என்றாள். அருள்பாண்டி இயக்குநரின் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொட்டினால் அன்றைய ஆர்டர் போய்விடும்.

"வந்துட்டாக சம்முகத்தாயி. அட்டென்டன்ஸ் மட்டும் குடுத்துட்டு வந்துருங்க. அஞ்சு நிமிசம். தட்டை மூடி வைக்கச் சொல்லு."

அவள் நம்பினாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான், பிற்பாடு அதை அவளே சொல்லிச் சொல்லி நொந்துகொண்டாள்.

பரீட்சை ஹால் என்பது பழைய பெட்டி அடுக்குகிற தகரக் கொட்டகை. மருந்து அறைகளுக்கெல்லாம் இரண்டு பக்கமும் கதவு வைக்கச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்புத் தேர்வு நடத்துகிற ஹாலுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒரே ஒரு கதவு, அதுவும் குறுகலானது. அறுபது பேரை உள்ளே விட்டு, கதவை மூடி, மன்றத்து அட்டெண்டர் வேலுச்சாமியை அங்கே நிறுத்தினார்கள். அட்டென்டன்ஸ் எடுத்தார்கள். எடுத்தபிறகு யாரும் வெளியே போகக் கூடாது என்றார்கள். தலைவர் எட்டு மணிக்குத்தான் வந்தார். அதுவரை இயக்குநர் தலைவரைப் பற்றிப் பேசினார். வந்தபிறகு தலைவர் இயக்குநரைப் பற்றிப் பேசினார்.

"உலகத்திலேயே தொழிலாளிக்கு இலக்கணத்தால் கவசம் போட்ட முதல் நாடு நாம்தான். நெருப்பு உடலைத்தான் சுடும். அறியாமை எதிர்காலத்தையே சுட்டுவிடும். இதில் எது பெரிய காயம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்."

கொட்டகைக்குள் இருந்தவர்களில் ஐந்து பேருக்குக் கையிலோ கழுத்திலோ பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. அவர்கள் யோசித்துப் பார்த்தார்கள்.

கேள்வித்தாளைக் கொடுத்தபிறகும் தலைவர் பேச்சை விடவில்லை. தகரம் சூடேற ஆரம்பித்தது. சண்முகத்தாயின் கண் கேள்வித்தாளில் இல்லை. ஆறாம் நம்பர் அறையின் கிழக்குச் சன்னலில் இந்நேரம் வெயில் விழுந்திருக்கும். ஈரம் உறிஞ்சிய மருந்து தானாகவே சூடு ஏறும், தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும், அதற்கப்புறம் தொட வேண்டியிருக்காது. ஆறாம் நம்பருக்கு அடுத்த அறையில் வெடியுப்பு மூட்டை அடுக்கியிருந்தது. அதற்கும் இந்தக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு மண்மேடுதான். அவள் எழுந்து நின்றாள். அனுமதி கேட்பதென்றாலும் வாலோடுதான் கேட்க வேண்டும் என்பது விதி. அவள் படித்ததுதான், மறக்கவில்லை.

"சார், ஐ வாண்ட் டு கோ அவுட்."

இயக்குநர் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். தன் மாணவி தலைவர் முன்னால் பேசியதில் அவருக்குப் பெருமைதான். ஆனாலும் நெறி என்று ஒன்று இருக்கிறதே.

"வாக்கியம் சரிதான் அம்மா. ஆனால் 'கோ அவுட்' தொடக்கநிலைப் பட்டியலில் இருக்கிறது. இது மேல்நிலைத் தேர்வு. மேல்நிலை வினை ஒன்றைப் பயன்படுத்திக் கேளுங்கள்."

"மருந்து கலந்து கிடக்கு சார்" என்றாள் அவள் தமிழில்.

இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள்.

இங்கேதான் அந்த ஓடாத விஷயத்தைச் சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் ஒருத்தர் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள். எதற்கு என்று கேட்க மாட்டார்கள், திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் யாரும் பதில் சொல்ல மிஞ்சியதில்லை என்பதால் வந்த பழக்கம் அது. ஆகையால் சும்மா யாரும் ஓடக் கூடாது. தலைக்கு மேல் வேலை கிடந்தாலும் நடந்துதான் போக வேண்டும். அந்தக் கொட்டகைக்குள் அவள் ஓரடி ஓடினால் போதும், அறுபது பேரும் அந்த ஒற்றைக் கதவில் போய் விழுவார்கள். பொன்னுத்தங்கம் கதவுக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைத்தான் முதலில் மிதிப்பார்கள்.

சண்முகத்தாய் நடந்தாள். பேனாவை மூடி, கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவளைப் போல நடந்தாள். பதினெட்டு பெஞ்சைக் கடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெஞ்சிலும் முகங்கள் நிமிர்ந்து அவள் காலைப் பார்த்தன. கால் நிதானமாக இருந்ததால் மறுபடியும் குனிந்துகொண்டன. உடம்பெல்லாம் வேர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. உட்காருங்கள் என்று இயக்குநர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கதவருகே நின்ற வேலுச்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். அவர் மன்றத்தில் சேர்வதற்கு முன் பதினைந்து வருசம் மருந்து அறையில் இருந்தவர். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். அதற்காக அவருக்குப் பிறகு மெமோ கொடுத்தார்கள்.

ராக்கப்பன் அவள் நடையைப் பார்த்துப் புரிந்துகொண்டான். இருபது எண்ணிவிட்டு அவனும் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தான்.

ஆறாம் நம்பருக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். புறங்கையைத் தட்டுக்கு மேலே நீட்டினாள். அனல் அடித்தது. கொஞ்ச ஈரம்தான் சூடேற்றும், முழுக நனைத்தால் அடங்கும். தொட்டியிலிருந்த தண்ணீரை இரண்டு பேரும் வாளி வாளியாக மோந்து தட்டு முழுகும்படி ஊற்றினார்கள். புஸ்ஸென்று ஆவி வந்தது, நாறியது, கொஞ்ச நேரம் கொதித்தது, பிறகு அடங்கிவிட்டது. அக்கா, இன்னும் அஞ்சு நிமிசம் போயிருந்தா என்று தொடங்கிய ராக்கப்பன் மறுபடியும் வாளியைத் தொட்டியில் முக்கினான். சண்முகத்தாய் மண்மேட்டில் சாய்ந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். கொட்டகையில் கைதட்டல் கேட்டது. தலைவர் பேசி முடித்திருந்தார்.

அன்றைக்கு ஒன்றும் வெடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு வினையாகப் போனது.

மூன்று பேர் கொண்ட குழுவின் விசாரணை விருதுநகரில் நடந்தது. தலைவர் முன்னிலையில் தேர்வைப் புறக்கணித்ததாகக் குற்றச்சாட்டு. அவளுடைய செயலைப் பதிவு செய்ய எந்த வால் பொருத்தம் என்று முதல் நாற்பது நிமிடம் வாதாடினார்கள். 'வாக் அவே' என்றார் ஒருவர். எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினால் 'வாக் அவுட்' என்றுதான் வரும் என்று அன்பரசன் லண்டன் உதாரணங்களோடு நிறுவினார். அதன்பிறகு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். ஆபத்து இருந்தது என்கிறீர்கள். ஆபத்து இருந்தால் மனிதர்கள் ஓடுவார்கள். நீங்கள் நிதானமாக நடந்து போனதாக அறுபது பேரும் சொல்கிறார்கள். ஏன்?

"நான் ஓடியிருந்தா அறுவது பேரும் ஓடியிருப்பாக. ஒரு கதவு. நீங்களும் மிதிபட்டிருப்பீக" என்றாள் சண்முகத்தாய்.

டைப்பிஸ்ட் நிமிர்ந்து, தமிழில் சொன்ன பதிலை எப்படிப் பதிவது என்று கேட்டாள். பதிய வேண்டாம் என்றார்கள்.

ஆனால் மன்றத்துக்குக் கருணையும் உண்டு. அன்பரசன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு காகிதத்தை நீட்டினார். கருணை மதிப்பெண் போட்டு போர்மேன் சான்று கொடுத்துவிடலாம், இதில் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றார். அன்று கலந்த மருந்து எந்த ஆபத்துமின்றி இருந்தது, தேவையில்லாமல் பதற்றப்பட்டு அழித்துவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. சண்முகத்தாய்க்குக் கை அரித்தது. சான்று கிடைத்தால் நாளைக்கே தட்டை எண்ணிக் கொடுக்கிற அதிகாரம் அவளுடையது. ஆனால் இதில் கையெழுத்துப் போட்டவள் நாளைக்கு எந்த வாயால் ராக்கப்பனிடம் மருந்தைப் போட்டுவைக்காதே என்று சொல்வாள்?

"இது பொய் சார். இதைப் படிச்சிட்டு எவனாச்சும் மருந்தக் கலந்து வெச்சிட்டுப் போவான்" என்று சொல்லிக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"உங்களுக்காக நான் எவ்வளவு இறங்கி வந்திருக்கிறேன் தெரியுமா?" என்றார் அன்பரசன். அவருடைய வருத்தம் உண்மையானது. அதைக் கண்டதும் அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. தரையில் கார்ப்பெட் விரித்திருந்ததால் எங்கே துப்புவது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் புதுப் போர்மேன் வந்தார். தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கியவர், மரியாதையான ஆள், மருந்துக் கலவையைக் கண்டால் தும்முவார். சண்முகத்தாய் பழையபடி மருந்து செலுத்துகிற அறையில் பொன்னுத்தங்கத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போர்மேனிடம் தட்டு விஷயமாக ஏதாவது சொன்னால் அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி இதில் இல்லையே அம்மா என்பார்.

அப்புறம் அந்தச் சுற்றறிக்கை வந்தது. மன்றம் இந்த முறை தமிழிலும் அச்சிட்டிருந்தது, தொழிலாளி நலன் கருதி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ராக்கப்பன் அதைக் கொண்டுவந்து வாசித்தான். கலந்த மருந்தை உடனே செலுத்திவிட வேண்டும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஈரமான வானிலையில் மூடிய தட்டில் இரண்டேகால் மணி நேரம் வைத்தும் எந்த விபத்தும் நேரவில்லை என்பது நேரடி அனுபவத்தில் தெரியவந்துள்ளது. ஆகவே இரண்டேகால் மணி நேரம் வரை மருந்தை வைத்திருக்கலாம், அந்த இடைவெளியை ஆங்கில வகுப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். மருந்து பற்றிய ஆலோசனையைச் சான்று பெற்றவர்கள் மட்டுமே வழங்க வேண்டும். இந்த ஆய்வுக்குக் காரணமாக இருந்த தொழிலாளி திருமதி சண்முகத்தாய்க்கு மன்றத்தின் நன்றி.

"எத்தனை கம்பெனிக்குப் போயிருக்குலே இது?" என்று கேட்டாள் அவள்.

"எல்லாத்துக்கும் போயிருக்குக்கா. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, அம்புட்டும்."

அவள் தூக்குச்சட்டியை மூடினாள். சோறு பாதி அப்படியே இருந்தது. தன் பேரைப் போட்டு, தான் கொதிக்கக் கொதிக்கக் கண்ட மருந்தைக் காட்டி, ஊர் பூராவும் ஆளைக் கொல்லச் சொல்லி அச்சடித்திருக்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. பொன்னுத்தங்கம் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. விடிந்தும் விடியாமல் பஸ் ஏறி, நாலு மைல் தள்ளியிருந்த இன்னொரு கம்பெனி வாசலில் இறங்கினாள். உள்ளே போய்ப் பேச வேண்டும் என்றாள். மருந்தைப் பற்றி என்றதும் வாட்ச்மேன் சங்கடத்தோடு சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார்.

"சான்று வெச்சிருக்கீகளா? இல்லாதவுக மருந்தப் பத்திப் பேசக் கூடாதுன்னு போட்டிருக்காகளே தாயி."

"அதுல பேரு போட்டிருக்குல்ல, சம்முகத்தாயின்னு. அது நான்தான்."

வாட்ச்மேன் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நன்றி சொல்லியிருக்காக என்றார்.

அவள் கேட்டுக்கு வெளியே வந்து, ரோட்டோரம் நின்றாள். கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாக வந்து ஆட்களை இறக்கின. இறங்கியவர்களை எதிர்கொண்டு, கலந்த மருந்தைப் போட்டுவைக்காதீக, அன்னிக்கு அது கொதிச்சுச்சு, நான் தண்ணிய ஊத்துனேன், அதான் வெடிக்கல என்று ஒவ்வொருத்தரிடமாகச் சொன்னாள். சிலர் நின்று கேட்டார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் கேட்டபடியே நடந்து உள்ளே போய்விட்டார்கள். மருந்தைக் கலந்து வைத்துவிட்டு ஏழு மணிக்கு அவர்கள் வகுப்பில் உட்கார வேண்டும்.